அழுகை ராணியின் புது வேடங்கள்

புதாய்
1969 செப்டம்பர் 20

அன்புள்ள போங்-சிக்கு,

அக்கா போங்-யோ எழுதுவது. அம்மா, நான், உன் அத்தான் எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஊருக்கு நீ கியோக்-லானாக இருக்கலாம், சுவரொட்டியில் ‘அழுகை ராணி’ என்று கொட்டை எழுத்தில் போடலாம். எனக்கு நீ போங்-சிதான். மூத்தவளுக்கு ‘சரி, எடுத்து வளர்ப்போம்’ என்றும் இளையவளுக்கு ‘சரி, சோறாவது போடுவோம்’ என்றும் பொருள்படப் பெயர் வைத்துவிட்டுப் போன அப்பாவை இனி யார் போய்க் கேட்பது?

போன வாரம் உன் படம் மறுபடி நம் கொட்டகைக்கு வந்தது. மாமியார் கொடுமை தாங்காமல் கிணற்றில் விழுவாயே, அந்தப் படம். அத்தான் வாசல் தட்டியில் உன் முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தார். கண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. சிப்பி உடைக்கிற பெண்கள் எல்லோரும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போய் உட்கார்ந்தோம். நீ கிணற்றுச் சுவரில் ஏறியதும் பக்கத்து வீட்டு ஆ-கிம், “குதிக்காதடி! அந்தக் கெழவியப் புடிச்சுத் தள்ளுடி!” என்று கத்தினாள். கொட்டகையே சிரித்தது, அம்மாவைத் தவிர.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் உன் பழைய நீலச் சட்டையை எடுத்தாள். கிண்ணம் நிறைய அரிசி வைத்து, சட்டையை அதன்மேல் சுற்றி, ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். “போங்-சி, தண்ணியில நிக்காத. குளிரும். வீட்டுக்கு வா.”

“இதே படத்துக்குப் போன வருஷமே கூப்பிட்டாச்சேம்மா” என்றேன்.

“செத்தது செத்ததுதானே. ஒவ்வொரு தடவ சாவும்போதும் உசுரு கொஞ்சம் வெளியிலயே நின்னுடும்” என்றாள். நீ தூக்கில் தொங்கியபோதும், காசநோய் வந்து இருமிச் செத்தபோதும், ரயிலின் முன் பாய்ந்தபோதும் இவள்தான் உன்னைக் கூப்பிட்டு வீடு சேர்த்தவள். எனக்கு எப்போதாவது தலை வலித்தால்கூட இத்தனை உபசாரம் கிடையாது.

புதுப் படம் எப்போது வருகிறது? “ஆறின கஞ்சியையே எத்தன தடவதான் சுட வெப்பானுங்க” என்று அத்தான் சலித்துக்கொள்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பெய்தோ
அக்டோபர் 14

அக்காவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். உங்கள் ஆசியால் நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. வெந்நீர் ஊற்றின் கந்தக வாடைதான் எத்தனை துவைத்தாலும் துணியை விட்டுப் போவதில்லை.

புதுப் படமா? எனக்கு மூச்சுவிட நேரமில்லை அக்கா. சாங்ஹுவா பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு. அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கடைக்குட்டிப் பெண்ணாக வருகிறேன். அம்மா செத்துப்போகிறாள். சேதி கேட்டு ஓடிவந்து, தெருமுனையிலிருந்தே மண்டியிட்டு அழுதபடி பந்தலுக்குள் வரவேண்டும். இயக்குநர் புது மாதிரி ஆள். நடுவில் வெட்டுவதில்லை, ‘இன்னொரு தடவை’ என்ற பேச்சே இல்லை. சுற்றி நின்ற கூட்டம் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் அழுத அழுகைக்குப் பக்கத்தில் என் நடிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை.

இதில் நான் சாகவில்லை என்று அம்மாவிடம் சொல். நீலச் சட்டைக்கு வேலை இல்லை. வழக்கமாகப் பிணமாக நடித்தவருக்குத்தான் தீட்டுக் கழியச் சிவப்பு உறையில் காசு தருவார்கள். இந்த முறை அழுதவளுக்கே தந்தார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அம்மாவாக நடித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் கதறியும் அவர் இமைகூட அசையவில்லை. நகக்கண்ணில் தவிடு ஒட்டியிருந்தது. ஒப்பனைக்காரர் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார். அந்தத் தவிட்டு வாசனை இன்னும் என் அறையில் இருக்கிறது.

உன் தங்கை


புதாய்
நவம்பர் 22

அன்புள்ள போங்-சிக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்குக் கடல்தாயின் கோயிலில் வேண்டிக்கொண்டோம். உப்பளத்துக் காற்று ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் விரலெல்லாம் வெடிப்பு. சிப்பிக் கத்தியைக் கீழே வை என்றால் கேட்கிற ஜென்மமா அவள்?

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “சாவாத படமா? அப்ப நான் எதுக்குடி இருக்கேன்?” என்று கோபித்துக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் நீலச் சட்டையோடு வாசலில் நிற்கிறாள். கேட்டதற்கு, “சாவுக்கு முழு உசுரும் போவும். அழுகைக்குப் பாதியாவது போவும்ல?” என்றாள்.

படத்தின் பெயர் என்ன என்று அத்தான் கேட்கிறார். முன்கூட்டியே தட்டி எழுதிவைக்க ஆசை. சினிமாப் பத்திரிகையில் தேடினாராம், உன் பெயர் எதிலும் இல்லையாம். இப்போது கொட்டகைக்கு வருவதெல்லாம் வாள்சண்டைப் படங்கள், பேசுவது மாண்டரின். வாள் பிடித்த பெண்களாக வரைந்து வரைந்து, “இவளுங்க யாருக்குமே அழத் தெரியல” என்கிறார் உன் அத்தான். நம் பாஷையில் படம் எடுக்க ஆளே இல்லை, ஸ்டுடியோக்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று கொட்டகை முதலாளி சொன்னாராம். நான் நம்பவில்லை. நீதான் ஓய்வில்லாமல் நடித்துக்கொண்டிருக்கிறாயே.

படத்தின் பெயரை மறக்காமல் எழுது.

அக்கா


பெய்தோ
டிசம்பர் 22

அக்காவுக்கு வணக்கம். அம்மாவின் விரலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இன்று குளிர்காலத் திருநாள் அல்லவா, மாவு உருண்டை செய்தீர்களா? நான் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பாளே அம்மா, ஆகையால் எனக்கும் கூடிவிட்டது.

படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்குள் வேறு வேடங்களும் வந்துவிட்டன. தோலியுவில் முடிதிருத்துகிறவர் மகள். அதற்கடுத்த வாரம் ஒரு தலைமை ஆசிரியரின் மகள். எல்லாவற்றிலும் அம்மா செத்துப்போகிறாள். இப்போது இந்தக் கதைதான் ஓடுகிறது போலிருக்கிறது. நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆரம்பிக்குமுன், இந்த அம்மா என்ன சமைப்பாள், பிள்ளைகளை என்ன சொல்லித் திட்டுவாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதை அழுகையில் சேர்த்துவிட்டால் கூட்டம் தாங்காது. தோலியு அம்மாவுக்குக் கத்தரிக்காய் வதக்கல். தலைமை ஆசிரியர் வீட்டு அம்மா, “செருப்ப ஒழுங்கா வுடு” என்று தினம் கத்துவாளாம்.

ஒரு விஷயம். அம்மாவிடம் கேட்டு எழுது, ஆனால் எனக்கு நடந்தது என்று சொல்லாதே. யாரோ சிநேகிதிக்கு என்று சொல்.

மத்தியானம் படுத்திருந்தேன். கட்டில் ஓரம் அழுந்தியது. யாரோ உட்கார்ந்தது போல. கத்தரிக்காய் வதங்குகிற மணம். “சாப்ட்டியாடி?” என்று ஒரு குரல். அரைத் தூக்கத்தில், “சாப்ட்டேம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விழித்துப் பார்த்தேன், யாரும் இல்லை. கூப்பிட்டவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்று அம்மா நம்மை எத்தனை முறை அடித்திருக்கிறாள்! இப்போது தினமும் வருகிறார்கள், அக்கா. ஒருத்தி இல்லை. தவிட்டு வாசனைக்காரியும் வருகிறாள். நான் கதவோரம் செருப்பை ஒழுங்காக விட்டுவைத்திருக்கிறேன்.

தங்கை


புதாய்
1970 ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதியிருந்தாய், அதை நம்பப் பார்க்கிறேன்.

வண்ணம் வாங்க அத்தான் சியாயிக்குப் போய் வந்தார். அங்கே படம் விநியோகிக்கிற ஆளைப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு முதலில் தட்டு நிறையச் சோறு வேண்டும். உனக்கு அந்தச் சோறு இருக்கிறதா என்பதுதான் என் கவலை. எந்த இயக்குநரும் செத்த வேடக்காரி என்ன சமைப்பாள் என்று சொல்லித் தந்து நான் கேள்விப்பட்டதில்லை.

உன் சிநேகிதி விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். கத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். “பதில் சொல்லிட்டாளா?” என்றாள். சொல்லிவிட்டாள் என்றேன். “பதில் சொன்னவ கூடப் போவணும். அதான் மொற. அவளுக்குச் சொந்தமானவங்க யாராச்சும் அவ உடுப்ப வெச்சு, சொந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டாத்தான் திரும்புவா. மேடைப் பேரெல்லாம் அந்தப் பக்கம் செல்லாது.” பிறகு கை கழுவிக்கொண்டு நேராக உன் நீலச் சட்டையிடம் போனாள். சிநேகிதி என்று சொன்னதை ஒரு நிமிஷமாவது நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் நம் புத்தாண்டுக்கு வந்துவிடு. உனக்காகப் பால்மீன் வயிற்றுக் கஞ்சி வைக்கப்போகிறாளாம்.

அக்கா


பெய்தோ
பிப்ரவரி 21

அக்கா, அம்மா, அத்தான் மூவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். அம்மாவுக்கு அனுப்பிய பஞ்சுச் சட்டை அளவு சரியாக இருக்கிறதா?

வராததற்குக் கோபிக்காதே. நான் இப்போது எடுக்கிற வேடத்தின் தீட்டோடு புத்தாண்டு மாதத்தில் யார் வாசலையும் மிதிக்கக் கூடாது. சொந்த வாசலை மட்டும் மிதிக்கலாமா? நீ புரிந்துகொள்வாய்.

அம்மா கூப்பிட்ட அன்று எனக்குத் தெரிந்தது. கட்டில் ஓரம் காலியாக இருந்தது. நான் நன்றாகத் தூங்கினேன். ஆனால் அடுத்த வேடத்துக்குப் பிறகு மறுபடி வந்துவிட்டார்கள். பாவம், அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் போகாமல் என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று யோசித்தேன். கூப்பிட்ட குரல் என்னுடையதுதானே.

மார்ச் ஒன்பதாம் தேதி யீஜூவில் வேலை. நம் ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தும் வீட்டுக்கு வர முடியாது, உடனே திரும்ப வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

தங்கை


புதாய்
மார்ச் 5

போங்-சி,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். உன் கடிதத்தை வழக்கம்போல் அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். யீஜூ என்பதை வாய் சொன்ன பிறகுதான் ‘சொல்லிவிடாதே’ என்பதைக் கண் பார்த்தது. அதையும் சேர்த்தே வாசித்துத் தொலைத்தேன்.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. “எங்கிட்ட மறைக்கப் பாக்குறா பாரு, கழுத! ஷூட்டிங்க நான் பாத்ததே இல்ல” என்கிறாள். அத்தானைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் வரப்போகிறாளாம். பால்மீன் வாங்கச் சொல்லியாகிவிட்டது. அங்கே போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருக்கிற காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை.

இது கையில் கிடைத்த உடனே நீயே முதலில் இங்கே வந்துவிடு. கிடைக்குமா?

அக்கா


பெய்தோ
மார்ச் 24

அக்காவுக்கு வணக்கம்.

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்பதாம் தேதி அம்மா எங்கே இருந்தாள்?

படம் எதுவும் இல்லை, அக்கா. உனக்குத் தெரியும். நான் கூலிக்கு மாரடிக்கிறேன். நிஜமாகவே, பழமொழிக்கு அல்ல. வாத்தியக் குழுவோடு போகிறேன். சணல் முக்காட்டை முகம் மறையப் போட்டுக்கொண்டு, ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, தெருமுனையிலிருந்து ஊர்ந்து போகிறேன். “சினிமால அழுதவளே வந்திருக்கா” என்று கூட்டம் கூடுகிறது. அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

யீஜூவில் செத்தவர் ஒரு மீன்பண்ணைக்காரரின் மனைவி. பிள்ளைகள் எல்லோரும் கல்லாக நின்றார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. என்னவோ, அன்று கடல் காற்று நம் வீட்டு வாசனையோடு அடித்தது. எழுதிக் கொடுத்ததை எல்லாம் விட்டுவிட்டு, “அம்மா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பதில் சொல்லும்மா!” என்று கத்தினேன்.

“இங்கதான்டி இருக்கேன்!”

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தது. ஊதுகிறவர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். மூத்த மகன் முகம் வெளுத்துப்போய் மண்டியிட்டான். நான் முக்காட்டைத் தூக்கிப் பார்ப்பதற்குள் எல்லோரும் முண்டியடித்து ஓடினார்கள். அப்புறம் பூசாரி மணி அடித்து, மறுபடி ஆரம்பித்து, ஒருவழியாக முடித்தோம். செத்தவளே பேசினாள் என்று இன்றுவரை அங்கே பேச்சாம்.

பந்தல் ஓரத்தில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. பால்மீன் வயிற்றுக் கஞ்சி, இன்னும் சூடாக. யாரும் தனது என்று சொல்லவில்லை. பயந்து யாரும் தொடவுமில்லை.

அம்மா அன்று வீட்டில்தான் இருந்தாள் என்று எழுது. அது போதும்.

தங்கை


புதாய்
ஏப்ரல் 1

அன்புள்ள போங்-சிக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

ஒன்பதாம் தேதி அம்மா வீட்டில்தான் இருந்தாள். அன்று மழை தூறியது, பேருந்தும் சரியாக வரவில்லை, போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். நம் தூக்குச் சட்டி அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இதோ எழுதும்போதே பார்க்கிறேன். அம்மாவுக்கு லேசாகச் சளி. கவலைப்பட ஒன்றுமில்லை. நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.

அக்கா


பெய்தோ
ஏப்ரல் 29

அக்காவுக்கு வணக்கம்.

நீ நல்லபடியாக எழுதியிருந்தாய். நான் பலமுறை வாசித்தேன்.

சட்டியின் அடியில் ஒரு சொட்டை இருக்கிறது. நீ சின்ன வயதில் கிணற்றடியில் போட்டு, அதற்காக என்னை அடிவாங்க வைத்தாயே, அந்தச் சொட்டை. அன்று நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்து கஞ்சியைச் சாப்பிட்டேன். கழுவி, கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எந்த ஆணியில் எதைப் பார்த்து எழுதினாய், அக்கா?

நீ சளி என்றால் அது சளி இல்லை. பதில் சொன்னவள் கூடப் போகவேண்டும் என்று நீதான் எழுதினாய். நான் அவளைக் கூப்பிடவே இல்லை, மீன்பண்ணைக்காரர் மனைவியைத்தான் கூப்பிட்டேன். ஆனால் என் குரலுக்கு அவள் வேறு என்ன செய்வாள்? பெற்ற அம்மாவைக் கூலி வாங்கிக்கொண்டு கூப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

வரவா? வந்தால் அழைத்துப் போக வந்தவள் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. யீஜூவுக்குப் பிறகு கட்டில் ஓரத்தில் இடமே இல்லை. எல்லோரும் வந்து உட்காருகிறார்கள்.

தங்கை


புதாய்
ஜூன் 9

போங்-சி,

உடனே வா. அம்மா எழுந்திருப்பதில்லை. வைத்தியர் நுரையீரல் என்கிறார். அம்மா அதற்கும் தலையாட்டுகிறாள்.

உனக்குப் பொய் எழுதச் சொன்னவள் அவள்தான். “வூட்லதான் இருந்தேன்னு எழுதுடி. புள்ள பயந்துக்கும்” என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள். மழை தூறியது என்பதுகூட அவள் சொன்னதுதான். இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அன்று அத்தான் வழியெல்லாம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினாராம். பந்தலையும் கூட்டத்தையும் பார்த்ததும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “கேமராவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கானுங்க?” என்று தேடினாளாம். நீ முக்காட்டோடு ஊர்ந்து வந்தபோது குரலை வைத்தே அடையாளம் கண்டுவிட்டாள். நீ பதில் கேட்டாய். அவள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாலைக்கு நடுவிலிருந்த, செத்தவளின் படத்தைப் பார்த்தாளாம். கஞ்சியைப் பந்தல் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். பேருந்தில் அத்தானிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். “நல்லாத்தான் அழுதா. ஆனா பசியோட அழுதாய்யா.”

உன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. நான் அழுதால், “அவ கூப்ட்டா என் வாய் சும்மா இருக்குமா? அது என்ன ஊரான் வாயா?” என்று என்னையே திட்டுகிறாள்.

ஒரு வழி இருக்கிறது. அவள் சொன்ன வழிதான். அவளுடைய சட்டையை அரிசிக் கிண்ணத்தில் சுற்றி வைத்துவிட்டேன். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், பலனில்லை. அவள் பதில் சொன்னது உன் குரலுக்கு. நீ வந்து கூப்பிடு. பெற்றவள் பெயரை வாயால் சொல்வது தப்பு என்று தயங்காதே.

அக்கா


பெய்தோ
1970 ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? அம்மாவின் ஏழாம் வாரப் படையலை நீ ஒருத்தியாகச் செய்து முடித்திருப்பாய். அதற்கு வராமல் போனேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஜூனில் நான் வந்தபோது கிண்ணத்தைக் கையில் கொடுத்தும் ஏன் கூப்பிடவில்லை என்று ஒன்று. அம்மாவின் சாவன்று ஊரே அழுகை ராணியின் அழுகையைக் கேட்கத் திரண்டு நின்றபோது, தெருமுனையிலிருந்து வாயைத் திறக்காமல் ஏன் ஊர்ந்து வந்தேன் என்று இன்னொன்று. “ஊருக்கெல்லாம் அழுதா, பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்லியா?” என்று ஆ-கிம் என் காதுபடவே கேட்டாள். நீ எனக்கும் சேர்த்து அழுதாய்.  பதிலை இப்போது சொல்கிறேன்.

நீ மருந்து வாங்கப் போனாயே, அந்த மத்தியானம். நான் வாசலில் கிண்ணத்தோடு நின்று, அவள் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டேன். “வேணாம்டி” என்றாள் உள்ளேயிருந்து. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயைக் கையால் பொத்தினாள். விரலில் நான் அனுப்பிய தைலத்தின் வாசனை.

“ஒன் கட்டில்ல வந்து ஒக்கார்றாளுங்களாமே, அக்கா படிச்சுக் காட்டுனா. பாவம், அவளுங்களுக்கு வழி தெரியல. நீ கூப்புட்ட, வந்துட்டாளுங்க. யாராச்சும் கூட்டிட்டுப் போவணும்ல? நான்தான் பதில் சொன்னேன், நானே கூட்டிட்டுப் போறேன். என்னத் திருப்பிட்டா அவளுங்களும் திரும்பிடுவாளுங்க.”

நான் முடியாது என்றேன். குழந்தை மாதிரி அடம் பிடித்தேன். அவள் சிரித்தாள்.

“எனக்கு அழாத. மத்தவங்களுக்கு அழுவுற மாதிரி அழுதுடாத. நீ கூப்ட்டா நான் பதில் சொல்லிடுவேன். எனக்கு வாய் அடங்காது.”

அதனால்தான் அக்கா. பெட்டியை மூடியபோது உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

அவள் சொன்னபடி செய்துவிட்டாள். திரும்பி வந்த அன்றிலிருந்து கட்டில் ஓரத்தில் யாரும் இல்லை. தவிடு இல்லை, கத்தரிக்காய் இல்லை, செருப்பு கோணலாகக் கிடந்தாலும் கேட்பாரில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இது நம் பஞ்சாங்கத்து ஏழாம் மாதம், தெருவெங்கும் படையல். எல்லோர் வீட்டுச் செத்தவர்களும் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். நான் சொட்டை விழுந்த சட்டியில் பால்மீன் கஞ்சி வைத்து, தினம் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சி ஆறிப்போகிறது. அவர்களை அழைத்துப்போனது சரி. அவள் மட்டும் ஒரு தடவை வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம்.

மாரடிக்கப் போவதை விட்டுவிட்டேன். தொலைக்காட்சியில் ஒரு நாடகம் கிடைத்திருக்கிறது. நம் பாஷையில்தான். இது நிஜம், அத்தான் சியாயிக்குப் போய் விசாரிக்கலாம். மூன்று பிள்ளைகளுக்கு அம்மா வேடம். அடுத்த மாதம் இருபதாம் தேதி சாகிறேன். முதலில் வேண்டாம் என்றேன். இனி செத்தால் என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? பிறகு நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீலச் சட்டையை எடு. ‘போங்-சி, வீட்டுக்கு வா’ என்று கூப்பிடு. அப்புறம் அம்மாவின் சட்டையையும் எடுத்து, அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிடு. ‘ஆ-புவான்’. ‘போதும்’ என்று பொருள். பெண் பிள்ளை போதும் என்று அவள் அப்பா வைத்த பெயர். நம் பெயரை அவள் வாழ்நாளெல்லாம் கூப்பிட்டாள். அவள் பெயரைச் சொல்லி, வா என்று யாரும் ஆசையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெண்களும் கூடவே வந்தால் வரட்டும். கட்டிலில் இடம் இருக்கிறது.

பதில் வந்தால் எழுது. வராவிட்டாலும், வந்தது என்று எழுது. ஏப்ரலில் எழுதினாயே, அதுபோல, மழை தூறியது என்றெல்லாம் சேர்த்து எழுது. இந்த முறை நான் நம்புவேன்.

உன் தங்கை
போங்-சி